ஹம்மிங்கை நிறுத்த எர்த்தைக் கழற்றாதீர்கள்

ஆம்ப்ளிஃபயர் பழுதுபார்ப்பது என் தொழில். வீட்டில் நல்ல ஒலியில் இசை கேட்க வேண்டும் என்று மெனக்கெடுகிறவர்கள்தான் என்னிடம் அதிகம் வருகிறார்கள். அவர்களில் பலர் மூடியைத் தாங்களே கழற்றி, உள்ளே எதையாவது மாற்றிப் பார்த்த பிறகுதான் பெட்டியைக் கொண்டுவருகிறார்கள். அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. இந்தப் பொழுதுபோக்கில் பாதி இன்பம் கேட்பதில் என்றால், மீதிப் பாதி நண்பர்களோடு பேசிப் பேசித் திறந்து பார்ப்பதில் இருக்கிறது. எந்த கெப்பாசிட்டர் போட்டால் பாஸ் இறுக்கமாகக் கேட்கும், ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்கலாம், பழைய வால்வு செட்டை எப்படி உயிர்ப்பிக்கலாம் என்று மணிக்கணக்கில் பேசுவார்கள். அந்தப் பேச்சில் வரும் யோசனைகள் தவறிப்போனால் பெரும்பாலும் ஒரு ஃப்யூஸ் போகும், ஒரு டிரான்சிஸ்டர் புகையும், அவ்வளவுதான். ஆனால் உயிருக்கே உலை வைக்கும் ஒரு யோசனையும் அதே பேச்சில் சர்வசாதாரணமாகப் புழங்குகிறது: "ஸ்பீக்கரில் ஹம்மிங் வருகிறதா? பிளக்கில் எர்த் ஒயரைக் கழற்றிவிடுங்கள், நின்றுவிடும்."

உண்மையிலேயே நின்றுவிடும். அதனால்தான் இந்த யோசனைக்கு இவ்வளவு ஆயுள்.

கணினியிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்கு ஆர்சிஏ கேபிள் போட்டுப் பாட்டுக் கேட்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் மூன்று பின் பிளக் கொண்டவை. இரண்டின் உலோக உடலும் சுவருக்குள் ஓடும் எர்த் ஒயர் வழியாக ஏற்கெனவே இணைந்திருக்கின்றன. கேபிளைச் செருகியதும் அதன் வெளிப்பின்னல் (உள்கம்பியைச் சுற்றியிருக்கும் உலோக வலை) வழியாக இரண்டாவது இணைப்பு ஏற்பட்டு, முழு வளையம் உருவாகிவிடுகிறது. இரண்டு சாக்கெட்டுகளின் எர்த்துக்கும் நடுவே சில மில்லிவோல்ட் வேறுபாடு இருந்தாலே போதும், வளையத்தில் மின்னோட்டம் ஓடும். பக்கத்திலுள்ள டிரான்ஸ்ஃபார்மர்களின் காந்தப்புலமும் தன் பங்குக்குத் தூண்டிவிடும். ஆர்சிஏ இணைப்பில் அந்தப் பின்னல்தான் இசைக்கும் திரும்பும் பாதை. ஆகவே பின்னலில் விழும் சின்னஞ்சிறு மின்னழுத்தம் இசையோடு கலந்து பெருக்கப்பட்டு, 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் முனகலாக ஸ்பீக்கரில் வெளிவருகிறது. எர்த்தைக் கழற்றினால் வளையம் அறுபடும், முனகல் அடங்கும். வளையத்தை அறுக்க வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. அறுக்கும் இடம்தான் தவறு.

எர்த் ஒயர் எதற்காக இருக்கிறது என்று கேட்டால் பலர் "ஷாக் அடிக்காமல் இருக்க" என்பார்கள். எப்படி என்பதில்தான் தெளிவு போதாது. பெட்டிக்குள் ஃபேஸ் ஒயர் தளர்ந்தோ உறை தேய்ந்தோ உலோக உடலைத் தொட்டுவிட்டால், எர்த் ஒயர் வழியாகப் பெரும் மின்னோட்டம் பாய்ந்து, நொடிக்குள் ஃப்யூஸோ, எம்சிபி என்னும் தானியங்கி சுவிட்சோ துண்டித்துவிடும். பழுது தன்னைத்தானே காட்டிக்கொடுத்துவிடுகிறது. எர்த் இல்லாவிட்டால் எதுவும் துண்டிக்காது. ஆம்ப்ளிஃபயர் வழக்கம்போலப் பாடிக்கொண்டே இருக்கும், உடல் முழுவதும் ஃபேஸ் ஏறிய நிலையில். அப்போது அதைத் தொடுகிறவரின் உடல்தான் எர்த்துக்கான வழி. மனித உடலின் மின்தடை தோலின் ஈரத்தையும் தொடும் பரப்பையும் பொறுத்து மாறும். ஓராயிரம், ஓராயிரத்து ஐந்நூறு ஓம் என்று கொண்டால் 230 வோல்ட்டில் 150 மில்லிஆம்பியருக்கும் மேல் பாயும். ஒரு மில்லிஆம்பியரிலேயே மின்சாரத்தை உணர்ந்துவிடுவோம். பத்தைத் தாண்டினால் தசை இறுகி, பிடித்ததை விட முடியாமல் போகலாம். நூறு மில்லிஆம்பியர் மார்பின் குறுக்கே பாய்ந்தால் இதயத் துடிப்பே குலைந்துவிடும். மூன்று ஆம்பியர் ஃப்யூஸுக்கு இதெல்லாம் தெரியவே தெரியாது.

சில காலம் முன்பு ஒரு ஆம்ப்ளிஃபயர் வந்தது. புகார் வேறு ஏதோ. ஒரு சானல் வேலை செய்யவில்லை. திறந்ததும் என் கண்ணில் பட்டது எர்த் ஒயர்தான். பச்சை-மஞ்சள் ஒயரை நுனியில் சீராக வெட்டி, வெப்பத்தில் சுருங்கும் குழாயைப் போட்டு மூடி, அழகாக ஒரு டையில் கட்டி ஓரமாக ஒதுக்கியிருந்தார்கள். கை பழகியவர் செய்த வேலை. டிரான்ஸ்ஃபார்மரைத் தூக்கிப் பார்த்தேன். சுவர் மின்சாரம் வரும் பிரைமரி ஒயர் ஒன்று அதன் இரும்புத் தகட்டின் விளிம்புக்குக் கீழே அகப்பட்டு, உறை நசுங்கி, உள்ளே செம்பு மினுங்கிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் அழுந்தினால் உடலைத் தொட்டுவிடும். உரிமையாளரிடம் காட்டினேன். எர்த்தை வெட்டியது அவர் அல்ல, ஒலிப்பிரியர் ஒருவரிடமிருந்து பழையதாக வாங்கியபோதே அப்படித்தான் இருந்ததாம். வெட்டியவருக்கு ஹம்மிங் போயிற்று. ஆபத்து இன்னொரு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது.

ஒலிப்பிரியர்களுக்கு இது மற்றவர்களைவிடக் கூடுதல் ஆபத்து என்பேன். வாஷிங் மெஷினின் பின்பக்கத்தை யாரும் தினமும் தொடுவதில்லை. நாமோ கேபிளை மாற்றி மாற்றி ஒலியை ஒப்பிடுகிறவர்கள். அதை எப்படிச் செய்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள். எர்த் கழற்றிய ஆம்ப்ளிஃபயரின் உடல், கேபிள் செருகியிருக்கும்வரை அதன் பின்னல் வழியாகக் கணினியின் எர்த்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். மெல்லிய பின்னல்; பழுது மின்னோட்டத்தைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டதல்ல, பழுது ஏற்பட்டால் எரிந்தும் போகலாம். எரியாமல் இருந்தாலும், கேபிளைப் பிடுங்கும் கணத்தில் அந்தக் கடைசித் தொடர்பும் போய்விடுகிறது. அந்தக் கணத்தில் நம் ஒரு கை ஆம்ப்ளிஃபயரின் மேல் இருக்கும், மறு கை எர்த்தோடு இணைந்த கணினியில் இருக்கும். ஒரு கையிலிருந்து மறு கைக்குப் போகும் பாதை மார்பு வழியாகத்தான் போகிறது.

எர்த் இல்லாத கருவி இசைக் கலைஞர்களையே பலி வாங்கியிருக்கிறது. ஸ்டோன் தி குரோஸ் குழுவின் கிதார் கலைஞர் லெஸ் ஹார்வி, 1972 மே 3 அன்று வேல்ஸின் ஸ்வான்சீ நகர மேடையில், சரியாக எர்த் செய்யப்படாத மைக்கைத் தொட்டு இறந்தார். யார்ட்பேர்ட்ஸ் குழுவின் பாடகராக இருந்த கீத் ரெல்ஃப் 1976 மே மாதம் தன் வீட்டிலேயே, மின் கிதார் வாசிக்கும்போது மின்சாரம் தாக்கி இறந்தார். கருவிகளோடு வாழ்ந்தவர்கள் இவர்கள். பழக்கம் எந்தப் பாதுகாப்பையும் தருவதில்லை.

சரி, முனகலை என்ன செய்வது? முதலில் அது எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். ஸ்பீக்கரில் வராமல் பெட்டியிலிருந்தே ரீங்காரம் வந்தால் அது டிரான்ஸ்ஃபார்மரின் அதிர்வு. எர்த்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஸ்பீக்கரில்தான் வருகிறது என்றால், ஆம்ப்ளிஃபயரை அணைத்து, பின்னால் உள்ள எல்லா இன்புட் கேபிள்களையும் எடுத்துவிட்டு மறுபடி இயக்குங்கள். அப்போதும் ஒலித்தால் கோளாறு உள்ளே. முனகலைவிடச் சற்றுக் கூர்மையான 100 அல்லது 120 ஹெர்ட்ஸ் இரைச்சல் என்றால், வயதான ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் மீது சந்தேகப்படலாம். கேபிள்களை எடுத்ததும் அடங்கிவிட்டால், ஒவ்வொன்றாகச் செருகிக்கொண்டே வாருங்கள். எது வந்ததும் முனகல் திரும்புகிறதோ அங்கேதான் வளையம். ஒவ்வொரு முறையும் அணைத்துவிட்டுச் செருகுங்கள். இந்தச் சிறு பொறுமை இல்லாததால்தான் பலர் எர்த்தில் கை வைக்கிறார்கள்.

இடம் தெரிந்துவிட்டால் வழிகள் பல உண்டு. எல்லாக் கருவிகளையும் நல்ல எர்த் உள்ள ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் செருகிப் பாருங்கள். சுவருக்குச் சுவர் இருந்த எர்த் வேறுபாடு சுருங்குவதால் பல வீடுகளில் இதுவே போதுமானதாக இருக்கும். டிவி இணைந்த அமைப்பு என்றால் கேபிள் டிவி ஒயரைக் கழற்றிப் பாருங்கள். அதன் வெளிப்பின்னல் வெளியே வேறெங்கோ எர்த் செய்யப்பட்டிருக்கும். பல சமயம் அதுதான் குற்றவாளி, அதற்கென்றே ஐசொலேட்டர் கிடைக்கிறது. டிவியிலிருந்தோ கணினியிலிருந்தோ டாக் (டிஜிட்டல் சிக்னலை அனலாக் ஒலியாக மாற்றும் கருவி) வரை ஆப்டிகல் கேபிள் போட்டால் ஒளி மட்டுமே போகும், உலோகத் தொடர்பே இருக்காது; 1983இல் தோஷிபா கொண்டுவந்த டாஸ்லிங்க் என்னும் அந்த ஆப்டிகல் இணைப்பு இந்த ஒரு காரணத்துக்காகவே இன்றும் மதிக்கத்தக்கது என்பது என் எண்ணம். இரண்டு கருவிகளிலும் எக்ஸ்எல்ஆர் பேலன்ஸ்டு இணைப்பு (இதில் பின்னல் இசையின் திரும்பும் பாதை அல்ல) இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். ஆர்சிஏ தவிர வழியில்லை என்றால் சிக்னல் பாதையில் ஆடியோ ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போடலாம். மட்டமானது பாஸைத் தின்றுவிடும், நல்லதாகப் பார்த்து வாங்க வேண்டும். ரெக்கார்ட் பிளேயரிலிருந்து வரும் மெல்லிய தனி ஒயர் வேறு சங்கதி: அது சிக்னலுக்கானது, ஃபோனோ இன்புட் அருகே உள்ள திருகில் இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

சொந்தமாக ஆம்ப்ளிஃபயர் கட்டுகிறவர்கள் வளையத்தை உள்ளேயே உடைக்கலாம். எர்த் ஒயரை உலோக உடலில் நேராக, தனித் திருகில், பெயிண்டைச் சுரண்டிவிட்டு இறுக்க வேண்டும். அதற்கு நடுவே எதுவும் வரக் கூடாது. சர்க்கியூட்டின் சிக்னல் தரையை மட்டும் சுமார் 10 ஓம் மின்தடை வழியாக உடலோடு சேர்த்து, அந்த மின்தடைக்கு இணையாகப் பெரிய ஆம்பியர் பிரிட்ஜ் ரெக்டிஃபயர் (டையோடுகளின் தொகுப்பு) ஒன்றைப் போடுவார்கள். முனகல் மின்னோட்டத்தை மின்தடை மட்டுப்படுத்தும். பழுது வந்தால் டையோடுகள் திறந்து வழிவிடும். இந்த ஏற்பாட்டைச் சிலர் தலைகீழாகப் புரிந்துகொண்டு உடலுக்கும் எர்த்துக்கும் நடுவே மின்தடையைப் போடுகிறார்கள். அது எர்த்தைக் கழற்றியதற்குச் சமம்.

"எங்கள் வீட்டில் ஆர்சிசிபி இருக்கிறது, எர்த் போனால் என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. மின்கசிவைக் கண்டதும் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி அருமையான காவல், அவசியம் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அது பார்ப்பது ஃபேஸில் போனதும் நியூட்ரலில் திரும்பியதும் சமமா என்பதை மட்டும்தான். டிரான்ஸ்ஃபார்மருக்கு அந்தப் பக்கம் நடப்பது அதற்குத் தெரியாது. வால்வு ஆம்ப்ளிஃபயரில் இஎல்34 போன்ற வால்வுகளின் பிளேட்டில் 400 வோல்ட் டிசி சாதாரணம்; 211, 845 வகைகளில் ஆயிரத்தை எட்டும். அதை ஒரு கையாலும் பெட்டியின் உலோக உடலை மறு கையாலும் தொட்டவருக்காக ஆர்சிசிபி துண்டிக்காது.

பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்த மின்னழுத்தம் இருக்கலாம். 450 வோல்ட்டில் ஏறிய 100 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரில் சுமார் 10 ஜூல் ஆற்றல் காத்திருக்கிறது. ஸ்க்ரூ டிரைவரால் இரு முனைகளையும் சேர்த்துப் பொறி பறக்க வைப்பதைச் சிலர் வீரமாகச் சொல்வார்கள். முனை உருகும், கெப்பாசிட்டர் கெடும், உலோகத் துளி கண்ணில் தெறிக்கலாம். 10 கிலோஓம், 10 வாட் மின்தடை ஒன்றை உறையிட்ட கிளிப் ஒயர்களில் சால்டர் செய்து வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து விநாடியில் 450 வோல்ட் 3 வோல்ட் ஆகிவிடும். பிறகு மல்டிமீட்டரால் அளந்து பாருங்கள், சில நிமிடம் கழித்து மறுபடியும் அளந்து பாருங்கள்; வெளியேற்றிய கெப்பாசிட்டரில் கொஞ்சம் மின்னழுத்தம் தானாகத் திரும்புவது உண்டு. மின்தடை கிளிப்பை வேலை முடியும்வரை அப்படியே விட்டுவைப்பது என் வழக்கம். ஸ்விட்ச் மோட் பவர் சப்ளை உள்ள புதிய கிளாஸ் டி ஆம்ப்ளிஃபயர்களையும் இளக்காரமாக நினைக்க வேண்டாம்: 230 வோல்ட் மின்சாரத்தில் அதன் முதல் கெப்பாசிட்டரில் 325 வோல்ட் வரை நிற்கும்.

நண்பர்கள் கூடும் பேச்சுக்கு வருகிறேன். கெட்ட எண்ணத்தோடு யாரும் யோசனை சொல்வதில்லை. "நான் எர்த்தைக் கழற்றி எத்தனையோ வருடம் ஆகிறது, ஒன்றும் ஆகவில்லை" என்பதும் பொய் அல்ல. பழுது வராதவரை எர்த் ஒயருக்கு வேலை இல்லை. வேலை இல்லாத நாட்களை வைத்து அது தேவையில்லை என்று முடிவுகட்டுகிறார்கள். ஒருவர் ஹம்மிங் என்று வந்து கேட்டால், தீர்வு சொல்வதற்கு முன் அவரிடம் கேளுங்கள்: என்னென்ன கருவிகள், எதற்கெல்லாம் மூன்று பின், கேபிள்களை எடுத்தால் அடங்குகிறதா, அளந்து பார்த்தீர்களா, அவர் திறக்கப்போவது வால்வா டிரான்சிஸ்டரா. இந்தக் கேள்விகளிலேயே பாதிக் கோளாறு பிடிபட்டுவிடும். பேச்சும் சுவையாகும். எர்த்தைக் கழற்றும் யோசனை காதில் விழுந்தால் மரியாதைக்காகச் சும்மா இருக்க வேண்டாம். அங்கேயே மறுத்துச் சொல்லுங்கள், கேட்டுக்கொண்டிருக்கும் புதியவர் அன்றிரவே கட்டரை எடுத்துவிடக் கூடும்.

உங்களிடம் உள்ள கருவிகளை, குறிப்பாகப் பழையதாக வாங்கியவற்றையும் நீங்களே கட்டியவற்றையும், இந்த வாரமே சோதித்துவிடுங்கள். பிளக்கைச் சாக்கெட்டிலிருந்து எடுத்து, மற்றக் கேபிள்களையும் கழற்றிவிட்டு, மல்டிமீட்டரை ஓமில் வைத்து, பிளக்கின் எர்த் பின்னுக்கும் பெட்டியின் பெயிண்ட் இல்லாத திருகு ஒன்றுக்கும் நடுவே அளந்து பாருங்கள். மீட்டர் ஒயர்களின் தடையைக் கழித்தால் ஒரு ஓமுக்கு வெகுவாகக் கீழே இருக்க வேண்டும். சதுரத்துக்குள் சதுரம் அச்சிட்ட இரண்டு பின் கருவிகள் எர்த் தேவையில்லாதபடி இரட்டைக் காப்போடு வடிவமைக்கப்பட்டவை, அவற்றுக்கு இந்தச் சோதனை பொருந்தாது. ஆனால் நாமாக உலோகப் பெட்டியில் கட்டி, இரண்டு பின் ஒயர் போட்டது அந்த வகையில் சேராது. மூன்று பின் கருவியைத் தொடும்போது மெல்லிய சிலிர்ப்பு தெரிந்தால் அதன் எர்த் எங்கோ அறுந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். கருவி சரியாக இருந்தால் சாக்கெட்டின் பின்னால் எர்த் ஒயரே இல்லாமல் இருக்கலாம், எலக்ட்ரீஷியனை அழைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அளவு சரியில்லாத ஆம்ப்ளிஃபயரை, எவ்வளவு நன்றாகப் பாடினாலும், எர்த்தைத் திரும்பப் பொருத்தும்வரை செருகாமல் வையுங்கள். பொருத்தியதும் ஹம்மிங் திரும்ப வந்தால், கேபிள்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பதிலிருந்து தொடங்குங்கள்.