தூங்குமூஞ்சி மரம் தூங்குறது எப்படி, அதை தெருவுல வளர்க்குறது எப்படி

பொழுது சாயுற நேரத்துல ஒரு தூங்குமூஞ்சி மரத்தடியில நின்னு அண்ணாந்து பாருங்க, மதியம் வானம் தெரியாம அடைச்சிருந்த கூரை கொஞ்சம் கொஞ்சமா சல்லடை மாதிரி ஆகும், சிற்றிலை எல்லாம் ஜோடி ஜோடியா மடங்கித் தொங்கிடும். மேகம் கூடி இருட்டினாலும் மடங்கும், அதனால மழைத்தண்ணி நேரா அடிமண்ணுக்கே போயிடுது.

இது வாட்டம் இல்லைங்க. இலைக்காம்பு அடியில முட்டி மாதிரி வீங்கின ஒரு மூட்டு இருக்கு, அதுல ஒரு பக்கத்து செல்லுக்குள்ள பொட்டாசியம் போனா பின்னாடியே தண்ணியும் போய் அந்தப் பக்கம் உப்பும், எதிர்ப்பக்கம் சுருங்கும், இலை விரியும். இருட்டினா பொட்டாசியம் மறுபக்கம் போகும், இலை மடங்கும். 1970கள்ல ரூத் சாட்டர்ங்கிற விஞ்ஞானி இந்த மரத்தோட மூட்டை வச்சே இதை விலாவாரியா ஆராய்ஞ்சாங்க. முழு இருட்டுல வச்சாலும் கொஞ்ச நாளைக்கு இலை நேரத்துக்கு விரிஞ்சு மூடும், உள்ள ஒரு கடிகாரம் ஓடுது!

வாகையோட இதை நிறைய பேர் குழப்பிக்கிறாங்க. வாகைக்கு பூ வெளிறின பச்சை, நெத்து தட்டையா வைக்கோல் நிறத்துல இருக்கும், காத்தடிச்சா கலகலன்னு சத்தம் கேக்கும். தூங்குமூஞ்சிக்கு ரோஸ் கலர்ல பஞ்சு உருண்டை மாதிரி பூ (ரோஸா தெரியுறது இதழ் இல்ல, மகரந்தத் தாள்), நெத்து தடிப்பா கருப்பா இருக்கும், உள்ள பிசுபிசுன்னு இனிப்புச் சதை, மாடு தேடி வந்து தின்னும்.

விதைத்தோல் ரொம்ப கெட்டி, தண்ணி உள்ளயே போகாது. உப்புத்தாள்ல ஒரு ஓரம் தேய்ச்சு ராத்திரி ஊறப்போட்டா சில நாள்லயே முளைச்சிடும். நர்சரி கன்னுன்னா கவரைக் கிழிச்சு வேர் வட்டமா சுத்தியிருக்கான்னு கண்டிப்பா பாருங்க, சுத்தின வேரை வெட்டிட்டு நடுங்க, இல்லன்னா பின்னாடி அதுவே அடிமரத்தை நெரிச்சிடும்.

நடைபாதை பேந்து போனா எல்லாரும் மரத்தைத்தான் திட்டுறாங்க, எனக்கு இது ரொம்ப வருத்தம். வேருக்கும் மூச்சுக்கு காத்து வேணும், இறுகின மண்ணுல அது கிடைக்காது, கான்கிரீட்டுக்கு அடியில கொஞ்சம் ஈரமும் இடைவெளியும் இருக்கு, வேர் அங்கதான போகும்? அதனால குழியை அகலமா வெட்டி மண்ணை பொலபொலன்னு விடுங்க, அடிமரத்தை ஒட்டி சிமெண்ட் பூசவே பூசாதீங்க. குறுகலான தெருவுக்கும் கரண்ட் கம்பிக்கு அடியிலயும் இது வேண்டாம், குடை அகலம் மரத்தோட உயரத்தையே தாண்டிடும், குறுகலான தெருவுல புங்கன் வைக்கலாம்.

கவாத்தை கன்னுலயே ஆரம்பிங்க. விட்டா கீழயே ரெண்டா கவைச்சுக்கும், ஒத்தைத் தண்டை மட்டும் மேல ஏத்துங்க, பக்கக் கிளையை விரல் தடிமன்ல இருக்கும்போதே எடுங்க. மரத்துக்கு வெட்டின இடத்துல நம்ம தோல் மாதிரி புதுசா வளர்ந்து ஆறாது, சுத்தி வளர்ந்து மூடத்தான் தெரியும், காயம் பெருசா இருந்தா அது மூடுறதுக்குள்ள உள்ள அழுகிடும், அப்படி உளுத்த கிளைதான் காத்து மழையில ரோட்டுல விழுது.