ஸ்பின் போடுகிறவனுக்குத் தோள் வலிக்காது என்று யார் சொன்னது?

ஒவ்வோர் ஆண்டும் மார்ச் 4 வந்துவிட்டால் அன்று மறைந்த ஆஸ்திரேலிய லெக் ஸ்பின்னர் ஷேன் வார்னின் நினைவாக அவர் வீசிய ஒரு பந்தின் காணொளி கைப்பேசிகளில் வலம் வரத் தொடங்கும். 1993 ஜூன் 4, மான்செஸ்டரின் ஓல்ட் டிராஃபோர்ட் மைதானம். லெக் ஸ்டம்புக்கு வெளியே விழுந்த பந்து, இங்கிலாந்து பேட்ஸ்மேன் மைக் கேட்டிங்கின் மட்டையைக் கடந்து திரும்பி, ஆஃப் ஸ்டம்பின் உச்சியைத் தட்டும். அடுத்து ஏப்ரலில் கோடைக்காலப் பயிற்சி முகாம்கள் தொடங்கும். ஜூன் பிறந்ததும் என் சிகிச்சை அறையின் வாசலில், பத்திலிருந்து பதினான்கு வயதுக்குட்பட்ட லெக் ஸ்பின்னர்கள் வலது தோளைப் பிடித்தபடி அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். விளையாட்டுக் காயங்களுக்குச் சிகிச்சையளிக்கும் இயன்முறை மருத்துவர் என்ற முறையில் எனக்கு இது பழகிப்போன காட்சிதான். ஆனாலும், ஒரே வாரத்தில் நான்காவது சிறுவனும் வந்து நின்றபோது, இதைப் பொதுவில் சொல்லியே தீர வேண்டும் என்று முடிவு செய்தேன்.

அந்த நான்காவது சிறுவனுக்கு 12 வயது. சட்டையைக் கழற்றச் சொன்னதும் முதலில் இடது கையை உருவினான்; பிறகு வலது கையைத் தூக்காமல், அப்படியே தொங்கவிட்டுச் சட்டையை நழுவ விட்டான். தலை சீவுவதற்குக்கூட இரண்டு வாரமாக இடது கைதான் என்றான். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்ததில், மேற்கை எலும்பின் தலைக்குக் கீழே உள்ள வளர்தட்டு இடது பக்கத்தைவிட அகன்றிருந்தது. வளரும் எலும்பில் இன்னும் இறுகாத இடம் அது. தசைநார் அறுவதற்கு முன்பே அங்குதான் சேதம் தொடங்கும். எல்லாவற்றையும் விளக்கி முடித்த பிறகு தந்தை கேட்டார்: "ஃபாஸ்ட் பௌலிங் போட்டு வலிச்சா நியாயம். இவன் போடுறது ஸ்பின்தானே சார், அதுல எப்படித் தோள் போகும்?"

இந்தக் கேள்விக்கு நான் எத்தனை முறை பதில் சொல்லியிருப்பேன் என்று கணக்கே இல்லை. பந்து மெதுவாகப் போகிறது என்பதற்காக, அதை வீசுகிற உடலும் மெதுவாக இயங்குகிறது என்று பொருள் இல்லை. வேகப்பந்து வீச்சாளர் இருபது, முப்பது மீட்டர் ஓடி வந்து, அந்த ஓட்டத்தில் சேர்த்த விசையில் ஒரு பங்கைப் பந்துக்குக் கொடுக்கிறார். வார்ன் என்ன செய்தார் என்று அதே காணொளியில் பந்தை விட்டுவிட்டு ஆளைப் பாருங்கள். நிதானமாகச் சில அடிகள் நடந்து வருகிறார். ஓட்டத்திலிருந்து கடன் வாங்குவதற்கு அவரிடம் எதுவும் இல்லை. ஆகவே பந்தைச் சுழற்றுவதற்கும், அதை 20.12 மீட்டர் தூரத்துக்கு மிதக்கவிட்டுச் சேர்ப்பதற்கும் தேவையான விசை முழுவதையும், முன்காலை ஊன்றிய அந்த ஒரு கணத்தில் இடுப்பையும் முதுகையும் தோளையும் ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்பித்தான் அவர் உண்டாக்குகிறார். பந்து கையை விட்ட பிறகு அவருடைய வலது தோள் பேட்ஸ்மேனைப் பார்த்து நிற்கும். உடல் முழுவதும் ஒரு சுற்றுச் சுற்றி முடிந்திருக்கும். மணிக்கட்டும் மோதிர விரலும் செய்வது அதன் கடைசி வேலை மட்டுமே. லெக் ஸ்பின்னுக்கு மணிக்கட்டுச் சுழல் என்று பெயர் இருப்பதால் எல்லாம் மணிக்கட்டில்தான் இருக்கிறது என்று நம்பிக்கொண்டு, சிறுவனுக்கு மணிக்கட்டுப் பயிற்சிக் கருவி வாங்கிக் கொடுப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. இடுப்பும் வயிற்றுத் தசையும் வலுப்படாத பன்னிரண்டு வயதுப் பையன், அவ்வளவு வேலையையும் ஒற்றைத் தோளின் தலையில் கட்டுகிறான்.

வார்னின் தோளும் இரும்பால் ஆனதல்ல. 1996-இல் பந்தைச் சுழற்றும் விரலில் அறுவை சிகிச்சை. 1998 மே மாதத்தில் தோளில் அறுவை சிகிச்சை. அதற்குச் சற்று முன்பு இந்தியாவுக்கு வந்து மூன்று டெஸ்டுகளில் பத்து விக்கெட்டுகளை, ஒவ்வொன்றுக்கும் சராசரியாக 54 ஓட்டங்கள் கொடுத்து எடுத்திருந்தார். சேப்பாக்கத்தில் சச்சின் ஆட்டமிழக்காமல் எடுத்த 155-ஐ நம் ஊரில் இன்றும் கொண்டாடுகிறோம். முன்னாள் இந்திய லெக் ஸ்பின்னர் லக்ஷ்மண் சிவராமகிருஷ்ணனை லெக் ஸ்டம்புக்கு வெளியே போடச் சொல்லி அவர் பயிற்சி எடுத்ததையும் சேர்த்தே சொல்கிறோம். சச்சினின் பெருமையை நான் குறைக்கவில்லை. ஆனால் எதிரில் நின்ற மனிதருக்கு அடுத்த ஓரிரு மாதங்களில் தோளைக் கிழித்துத் தைக்க வேண்டியிருந்தது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அதன் பிறகு அவர் அடுத்த டெஸ்ட் ஆடியது 1999 ஜனவரியில். உலகின் தலைசிறந்த மருத்துவக் குழு பக்கத்தில் இருந்த ஒருவருக்கே ஏழு மாதத்துக்கு மேல் ஆனது. என்னிடம் வருகிற பெற்றோர் "வர்ற ஞாயிற்றுக்கிழமை மேட்ச் இருக்கே" என்கிறார்கள். நம் லெக் ஸ்பின்னர் அனில் கும்ப்ளேவுக்கும் தோள் அறுவை சிகிச்சை நடந்தது. 'போலியோ தாக்கிய கையோடு நம் லெக் ஸ்பின்னர் சந்திரசேகர் 242 டெஸ்ட் விக்கெட்டுகள் எடுக்கவில்லையா' என்று வாதிடுபவர்களுக்கு நான் பதில் சொல்வதை நிறுத்திவிட்டேன்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பதினெட்டு, பத்தொன்பது வயதில் வார்ன் மெல்போர்னின் செயின்ட் கில்டா அணியில் ஆஸ்திரேலியக் கால்பந்து ஆடிக்கொண்டிருந்தார். டெஸ்டில் அறிமுகமானபோது வயது 22. சிட்னியில் நம்மவர்களுக்கு எதிரான அந்த ஆட்டத்தில் 150 ஓட்டங்கள் கொடுத்து ஒரே ஒரு விக்கெட் எடுத்தார். சிறுவயதில் இரு கால்களும் உடைந்து, சக்கரப் பலகையில் குப்புறப் படுத்துக் கைகளால் தரையை உந்தியே பல மாதங்கள் நகர்ந்ததால்தான் தன் தோளும் மணிக்கட்டும் உரமேறின என்று அவரே சொல்லியிருக்கிறார். அதாவது உடல் முதலில் வந்தது, பந்து பிறகுதான் வந்தது. நாமோ ஒன்பது வயதிலேயே 'இவன் லெக் ஸ்பின்னர்' என்று முத்திரை குத்தி, ஆண்டு முழுவதும் அதே ஒரு அசைவைச் செய்ய வைக்கிறோம்.

கூக்ளி மோகத்துக்கு வருகிறேன். லெக் ஸ்பின்னரின் வழக்கமான பந்து லெக் பிரேக்; அதைப் போலவே தோன்றி எதிர்ப்பக்கம் திரும்புவது கூக்ளி. பழைய ஆஸ்திரேலிய லெக் ஸ்பின்னர் பில் ஓரைலி தனக்குச் சொன்னதை, அவருக்குப் பின் வந்த லெக் ஸ்பின்னர் ரிச்சி பெனோ வார்னுக்குச் சொன்னார்: லெக் பிரேக் ஒன்றை மட்டும் பிடித்துக்கொள், அது கைவர நான்கு ஆண்டுகள் ஆகும். வார்ன் அதைத்தான் செய்தார். அவருடைய 708 டெஸ்ட் விக்கெட்டுகளில் பெரும் பங்கு லெக் பிரேக்குக்கும் நேராகச் செல்லும் பந்துக்கும் உரியது. கூக்ளியை அவர் அளவோடுதான் பயன்படுத்தினார். ஒவ்வொரு தொடருக்கும் முன்பு 'புதிதாக ஒரு பந்து வைத்திருக்கிறேன்' என்று அறிவிப்பார்; பெரும்பாலும் அந்தப் பந்து பேட்ஸ்மேனின் மனத்துக்குள் மட்டுமே விழுந்தது. தோள் சிகிச்சைக்குப் பிறகு விழுந்ததும் தாழ்வாகச் சறுக்கிச் செல்லும் அவருடைய ஃபிளிப்பர் பந்து அரிதாகிவிட்டது. ஆனால் 2004 அக்டோபரில் இதே சேப்பாக்கத்தில் இர்ஃபான் பதானை வீழ்த்தி முரளிதரனின் 532 விக்கெட் உலக சாதனையைத் தாண்டினார். 2005-இல் ஒரே ஆண்டில் 96 டெஸ்ட் விக்கெட்டுகள் எடுத்தார். அவர் விட்டுச்சென்ற சொத்து என்று நான் நினைப்பது அந்தப் பிற்காலத்தைத்தான். 1993-இன் அந்தப் பந்து தற்செயலாக அமைந்தது என்று அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். நம் பிள்ளைகளோ அதையே பாடமாக எடுத்துக்கொள்கிறார்கள். கூக்ளிக்காகக் கையை உள்பக்கமாக முறுக்கி, புறங்கையை பேட்ஸ்மேனுக்குக் காட்டும் அசைவு, தோளுக்கும் முழங்கைக்கும் கூடுதல் சுமை. லெக் பிரேக் ஒழுங்காக விழத் தொடங்கும் வரை அதைத் தொடவே வேண்டாம்.

பயிற்சியாளர்களிடம் ஒரு வேண்டுகோள். வேகப்பந்து வீசும் சிறுவனுக்கு ஓவர் கணக்கு வைக்கிறீர்கள். ஸ்பின்னருக்கும் தயவுசெய்து வையுங்கள். நெட்டில் பேட்ஸ்மேன்கள் வரிசையாக மாறிக்கொண்டே இருப்பார்கள், ஸ்பின்னர் மட்டும் மாறவே மாட்டான். அந்த 12 வயதுப் பையனை ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னோடு சேர்ந்து கணக்கிடச் சொன்னேன்: காலை நெட்டில் 120, மாலையில் தெருவில் ரப்பர் பந்தில் குறைந்தது 80. பன்னிரண்டு வயதுக்கு நான் அனுமதிப்பது ஒரு நாளைக்கு 36 பந்துகள், வாரத்தில் மூன்று நாட்கள். உடல் வலுப்படுவதைப் பார்த்துத்தான் கூட்டுவேன். தெருவில் போடுவதும் கணக்கில் சேரும். பதின்மூன்று வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு 133 முதல் 144 கிராம் வரையிலான சிறிய பந்து இருக்கிறது. பெரியவர்களின் பந்தைக் கொடுத்தால் சின்னக் கையால் அதைச் சுற்றிப் பிடிக்கவே முடியாது. ஆஸ்திரேலியாவில் சிறுவர்களுக்கு 16, 18 மீட்டரில் பிட்ச் போடுகிறார்கள். இங்கே பெரியவர்களின் பிட்ச்சில் பந்து மறுமுனை போய்ச் சேர்ந்தால் போதும் என்று தோளால் எறிகிறான் பையன்.

வலித்த தோளை எண்ணெய் தேய்த்து நீவிவிடக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். ஆட்டத்துக்கு முன் வலிமாத்திரை கொடுத்து அனுப்பாதீர்கள். வலி ஒன்றுதான் அந்தப் பிள்ளையிடம் இருக்கும் எச்சரிக்கை மணி. வீட்டு அலமாரியில் இருந்து எடுத்துக் கொடுக்கும் மாத்திரை பற்றிச் சொல்வதானால், உடல் எடைக்காக எடுத்த, வீரர்களுக்குத் தடை செய்யப்பட்ட சிறுநீர் பெருக்கி மாத்திரை ஒன்றுக்காக வார்ன் 2003-இல் ஓராண்டுத் தடையையே அனுபவித்தார். இரவில் தோள் வலித்து விழித்தாலோ, மறுநாளும் வலி நீடித்தாலோ பந்தைக் கீழே வைத்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள். விரல் தோல் உரிவது வேறு, விரல் மூட்டு வீங்குவது வேறு. தோல் உரிந்து ரத்தம் கசிந்த பெனோவுக்கு நியூசிலாந்தின் டிமாரு ஊரில் ஒரு மருந்துக் கடைக்காரர் காலமைன் லோஷனும் போரிக் பவுடரும் கொடுத்துக் காப்பாற்றினார். மூட்டு வீக்கத்துக்கு அந்த வைத்தியம் செல்லாது.

அந்தச் சிறுவனுக்கு மூன்று மாதம் பந்து வீச்சு கிடையாது. பேட்டிங்கும் இன்னும் சில வாரங்கள் கழித்துத்தான். இடுப்பையும் வயிற்றுத் தசையையும் வலுப்படுத்தும் பயிற்சிகளைச் செய்துகொண்டிருக்கிறான். போன வாரம் முதன்முறையாக வலது கையாலேயே சட்டைப் பொத்தானைப் போட்டான். கிளம்பும்போது, அப்பாவுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தி, "கூக்ளி எப்போ சார்?" என்று கேட்டான். கணக்கு நோட்டில் 36 பந்துகள் மூன்று மாதம் ஒழுங்காக ஏறட்டும், அதன்பிறகு கேள் என்றேன்.