அலைசிலந்தி: சொல்லும் பொருளும்

வலை பின்னி இரைக்காகக் காத்திருக்காமல், இரவில் காட்டுத் தரையில் நடந்து திரிந்து வேட்டையாடும் வெப்பமண்டலச் சிலந்தியே அலைசிலந்தி (ஆங்கிலத்தில் wandering spider). இதற்கும் நூல் சுரக்கும். ஆனால் அந்த நூலால் இரை பிடிக்கும் வலையைக் கட்டுவதில்லை.

இவற்றில் பெயர்பெற்றது ஃபோனியூட்ரியா என்ற பேரினம். 1833-இல் ஜெர்மானிய இயற்கையியலாளர் மாக்சிமிலியன் பெர்ட்டி சூட்டிய பெயர் இது. கிரேக்கத்தில் ‘கொலைகாரி’ என்று பொருள். நஞ்சு கடுமையானதுதான். ஆனாலும் கடிபட்டவர்களில் பெரும்பாலோருக்குப் பாதிப்பு லேசாகவே இருக்கிறது, சாவு மிக அரிது, பிரேசிலின் சாவோ பாவ்லோ நகரிலுள்ள புட்டான்டன் ஆய்வு நிறுவனம் முறிமருந்தும் தயாரிக்கிறது. கொலைகாரி என்பது மிகை.

பிரேசில் மக்கள் வைத்த ‘அர்மடெய்ரா’ என்ற பெயர் எவ்வளவோ மேல். சண்டைக்கு ஆயத்தமாக நிற்பது என்று அதற்குப் பொருள் சொல்லலாம். சீண்டினால் இந்தச் சிலந்தி முன்கால்களை உயரத் தூக்கி, உடலை நிமிர்த்தி, இரு பக்கமும் அசைந்தாடும். அப்போது கால்களின் அடிப்பக்கப் பட்டைகள் பளிச்சென்று தெரியும். பழுப்பு அல்லது சாம்பல் நிற உடல், எட்டுக் கண்கள், கால்களை விரித்தால் 15 செ.மீ.க்கும் மேல் வரும் அகலம். இந்தப் பேரினத்தைச் சேர்ந்த நைக்ரிவென்டர் என்ற இனத்தின் பெயருக்கே கருவயிறு என்று பொருள்.

கோஸ்டா ரிகாவிலிருந்து அர்ஜென்டினாவின் வடபகுதி வரை இந்தப் பேரினம் பரவியிருக்கிறது. பகலில் விழுந்த மரங்களின் அடியிலும் வாழை மட்டைகளின் இடுக்கிலும் பதுங்கும். சில சமயம் வீட்டுக்குள் வந்து காலணிக்குள்ளும் புகுந்துகொள்ளும். இணைசேரும் காலத்தில் ஆண்கள் துணை தேடி அலைவதால் அப்போது மனிதர் கண்ணில் படுவதும் கூடும். பெண்ணை நெருங்குவது ஆணுக்கு ஆபத்தான வேலை, பெண் தாக்கவும் கூடும். முட்டைகளைப் பட்டுநூல் பையில் பொதிந்து பெண் காவல் இருக்கும். இப்படி நான்கு பைகள் வரை, மொத்தம் 3,000 முட்டைகள் வரை இடும்.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? ‘நாடோடிச் சிலந்தி’ பொருந்தாது. இது ஊர்விட்டு ஊர் போவதில்லை, தன் காட்டுக்குள்ளேயே உலவுகிறது. ‘திரிசிலந்தி’ என்றால் விளக்குத் திரி நினைவுக்கு வரும். ‘வாழைப்பழச் சிலந்தி’ என்பதை அறவே விட்டுவிடலாம். பழப்பெட்டிகளில் வரும் தீங்கற்ற வேறு சிலந்திகளையும் அப்படியே அழைக்கிறார்கள், வீண் பீதிதான் மிச்சம்.

‘அலைசிலந்தி’ வினைத்தொகை: அலைந்த, அலைகிற, அலையும் சிலந்தி. குடிநீர், ஓடுதளம் போன்ற அமைப்பு. வினைத்தொகையில் வல்லினம் மிகாது. ‘அலைச்சிலந்தி’ என்று எழுதினால் கடலலையோடு தொடர்புடைய சிலந்தி என்றாகிவிடும். பேரினத்தைக் குறிக்க ஃபோனியூட்ரியா என்பதை ஒலிபெயர்ப்பாகவே வைத்துக்கொண்டு, பொது வழக்கில் ‘பிரேசில் அலைசிலந்தி’ என்று எழுதலாம்.