வெளியில் மயங்கி விழுந்தால் முதலில் சிகிச்சை, பிறகுதான் டெபாசிட்

மலேசியாவில் பினாங்கு கடைத்தெரு. தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும். புடவைக் கடை வாசலில் நின்றிருந்த என் பெரியம்மா "தலை சுத்துதுடா தம்பி" என்றார். நான் திரும்புவதற்குள் என் தோளில் சரிந்துவிட்டார். கை சில்லென்று இருந்தது. ஜாக்கெட் முழுக்க வேர்வை. கடைப் பெண் ஒரு பிளாஸ்டிக் முக்காலியை இழுத்துப் போட்டாள். பூக்கடை அக்கா ஒரு அட்டையை எடுத்து விசிற ஆரம்பித்தார். சுற்றி நின்றவர்களில் யாரோ, "ஜி.எச். போனா சாயங்காலம் வரைக்கும் உட்காரணும், பிரைவேட்டுக்குக் கொண்டு போங்க" என்றார்கள்.

பிரைவேட்டுக்குத்தான் போனேன். முகப்பில் இருந்தவர் கேட்ட முதல் கேள்வி: "மெடிக்கல் கார்டு (மருத்துவக் காப்புறுதி அட்டை) இருக்கா? இல்லேன்னா டெபாசிட் கட்டணும்." என்னிடம் 200 ரிங்கிட் இருந்தது. பெரியம்மா சக்கர நாற்காலியில் தலை தொங்கிக் கிடக்க, நான் சொந்தக்காரர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் அடித்துக்கொண்டிருந்தேன். ஏறக்குறைய இருபது நிமிடம் அப்படியே போனது. அந்தப் பக்கம் தற்செயலாக வந்த ஒரு தாதி, பெரியம்மாவின் கையைத் தொட்டுப் பார்த்ததும் முகம் மாறி, அங்கேயே விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தார். மில்லிமோல் கணக்கில் 2.6 காட்டியது. 4-க்குக் கீழே போனாலே ஆபத்து. உடனே உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். குளுக்கோஸ் ஏறிய கொஞ்ச நேரத்தில் பெரியம்மா கண் திறந்து, "என் பை எங்கடா?" என்று கேட்டார்.

அந்த இருபது நிமிடம் நான் அங்கே கைகட்டி நின்றிருக்கத் தேவையே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. நம்மவர்களில் நிறைய பேருக்கு இன்னும் தெரியாது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

1998-ஆம் ஆண்டின் தனியார் சுகாதார வசதிகள், சேவைகள் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. சட்டம் 586 என்பார்கள். 2006 மே மாதம் நடப்புக்கு வந்தது. அதன் 38-ஆவது பிரிவு சொல்வது இதுதான்: உரிமம் பெற்ற, பதிவு பெற்ற எந்தத் தனியார் மருத்துவ இடமும், எந்த நேரத்திலும், தேவைப்படும் எவருக்கும், உயிர்காக்கும் அவசர நடவடிக்கைகளைச் செய்யத் தயாராக இருக்க வேண்டும். "எவருக்கும்" என்ற சொல்லைக் கவனியுங்கள். கார்டு உள்ளவருக்கு, குடிமகனுக்கு, ஏற்கெனவே பதிந்த நோயாளிக்கு என்றெல்லாம் பிரிக்கவில்லை. அதே 2006-இல் வந்த விதிமுறைகள், தற்செயலாக வந்து சேருகிற அல்லது தூக்கிக்கொண்டு வரப்படுகிற அவசர நோயாளிக்கு அடிப்படைச் சிகிச்சை தர ஒவ்வொரு தனியார் மருத்துவமனையிலும் முறையான ஏற்பாடு இருக்க வேண்டும் என்கின்றன. தெருமுனையில் உள்ள சின்ன கிளினிக்குக்கும் இந்தக் கடமை உண்டு. அவர்களிடம் உள்ள வசதிக்கு ஏற்ப முதலுதவி செய்து, பெரிய இடத்துக்கு அனுப்ப வேண்டும்.

இதைத் தப்பாகப் புரிந்துகொள்ளக் கூடாது. தனியாரில் இலவசம் என்று சட்டம் சொல்லவில்லை. உயிர் ஆபத்தைத் தாண்டும் வரை செய்த சிகிச்சைக்கும் பில் வரும், அதைக் கட்டத்தான் வேண்டும். ஆனால் பணத்தைப் பார்த்த பிறகுதான் நோயாளியைத் தொடுவோம் என்று சொல்ல அவர்களுக்கு இடமில்லை. முகப்பில் நின்று சண்டை போடவும் வேண்டாம். "இது அவசரம். முதலில் டாக்டர் பார்க்கட்டும், பதிவு நான் பிறகு செய்கிறேன்" என்று கொஞ்சம் உரக்க, தெளிவாகச் சொல்லுங்கள். முகப்பில் இருப்பவர் நோயாளியைப் பரிசோதிப்பவர் அல்ல. தாதியையோ டாக்டரையோ கூப்பிடச் சொல்வதுதான் காரியம். நிலைமை கட்டுக்குள் வந்த பிறகு, தொடர்ந்து அங்கேயே இருந்தால் உத்தேசமாக எவ்வளவு ஆகும் என்று கேளுங்கள். அந்தக் கணக்கைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. தாங்காது என்றால் அரசாங்க மருத்துவமனைக்கு மாற்றச் சொல்லலாம். மாற்றும் ஆம்புலன்சுக்குத் தனிக் கட்டணம் வரக்கூடும், அதையும் ஏறுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

நோயாளி சுயநினைவில் இல்லை, கூட வந்தவர் சொந்தக்காரரும் இல்லை, யார் கையெழுத்துப் போடுவது என்று பலர் தயங்குகிறார்கள். உயிருக்கு ஆபத்து என்றால் கையெழுத்துக்காகக் காத்திருக்காமல் டாக்டர் சிகிச்சை செய்யலாம். வழிப்போக்கர் ஒருவரைக் கொண்டு போய்ச் சேர்த்ததால் அவர் பில் உங்கள் தலையில் விழுந்துவிடுமோ என்றும் பயப்பட வேண்டாம். பொறுப்பேற்பதாக எழுதியுள்ள எந்தத் தாளிலும் நீங்கள் கையெழுத்துப் போடாமல் இருந்தால் போதும்.

உங்களுக்கு நியாயம் கிடைக்கவில்லை என்றால், நடந்த நேரம், முகப்பில் சொன்ன வார்த்தை, ரசீது மூன்றையும் வைத்து முதலில் அந்த மருத்துவமனைக்கே எழுத்தில் புகார் கொடுங்கள். புகாரைக் கையாள ஓர் ஏற்பாடு வைத்திருக்க வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் உள்ளதுதான். பதில் திருப்தி இல்லையென்றால் மாநிலச் சுகாதார இலாகாவில் தனியார் மருத்துவத்தைக் கண்காணிக்கும் பிரிவு இருக்கிறது. அங்கே கொண்டு போகலாம்.

அடுத்து 999. கைத்தொலைபேசியில் 112 அடித்தாலும் அங்கேதான் போகும். காசு இல்லை. முதலில் எடுப்பவர் ஆஸ்பத்திரிக்காரர் அல்ல. எந்தச் சேவை வேண்டும் என்று கேட்டு, ஆம்புலன்ஸ் என்றால் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு இணைப்பார். இரண்டாவது குரல் வரும்வரை போனை வைத்துவிடாதீர்கள். நம் வீட்டுப் பெரியவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள். பதற்றத்தில் மலாய் வராது. ஐந்தாறு சொற்கள் போதும்: மயங்கிவிட்டார் என்றால் "பெங்சான்", நினைவில்லை என்றால் "தாக் செடார் டிரி", நெஞ்சுவலி "சாக்கிட் டாடா", மூச்சுத் திணறல் "செசாக் நாஃபாஸ்", வலிப்பு "சாவான்", சர்க்கரை நோயாளி என்று சொல்ல "கெஞ்சிங் மானிஸ்".

இடம் சொல்வதில் இன்னொரு சிக்கல். கடைத்தெரு என்று நாம் நூறு தடவை சொன்னாலும் ஆம்புலன்ஸ்காரருக்குப் புரியாது. "லெபோ பாசார், மாரியம்மன் கோயில் பக்கம்" என்றால் புரியும். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் இருந்தால் ஜாலான் துன் சம்பந்தன் என்பதோடு எதிரே தெரியும் கடைப் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள். நெடுஞ்சாலையில் ஓரத்துக் கிலோமீட்டர் பலகை எண். எல்.ஆர்.டி. ரயில் நிலையத்தில் என்றால் முதலில் அங்குள்ள ஊழியரிடம் ஓடுங்கள், அவரே கூப்பிட்டுவிடுவார். தைப்பூசக் கூட்டத்தில், பத்துமலையின் 272 படியிலோ பினாங்குத் தண்ணீர்மலையின் 513 படியிலோ, யாராவது சாய்ந்தால் கூட்டத்தைப் பிளந்துகொண்டு கீழே இறக்கப் பார்க்காதீர்கள். செயின்ட் ஜான், செம்பிறைச் சங்க முதலுதவித் தொண்டர்களில் ஒருவரைத் தேடி அழைத்து வரச் சொல்லுங்கள்.

சர்க்கரை நோயாளி மயங்குவது நம் சமூகத்தில் அபூர்வமில்லை. 2019-ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வில் நாட்டில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு என்று தெரிந்தது. இந்தியர்களில் மட்டும் 31.4 விழுக்காடு. நினைவிருந்து விழுங்க முடிந்தால் இனிப்புப் பானம் கொடுங்கள். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர்கூட ஊற்றாதீர்கள், புரையேறிவிடும். வாய் கோணி, ஒரு பக்கக் கை தூக்க முடியாமல் போனால் பக்கவாதமாக இருக்கலாம். கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதை ஒரு தாளில் எழுதிவையுங்கள். ரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்து கொடுக்கப் பொதுவாக நாலரை மணி நேரம்தான் கணக்கு. டாக்டர் முதலில் கேட்பதே அதைத்தான்.

இப்போது ஜி.எச். பற்றி. "நாள் முழுக்கக் காத்திருக்கணும்" என்ற பேச்சில் பாதிதான் உண்மை. அவசரப் பிரிவில் யார் முதலில் வந்தார் என்று பார்ப்பதில்லை, யாருக்கு அதிக ஆபத்து என்று பார்த்துச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிக்கிறார்கள். சிவப்பு என்றால் வரிசையே கிடையாது. மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் பச்சை. காத்திருக்கும்போது நிலைமை மோசமானால் மறுபடி போய்ச் சொல்லுங்கள், திரும்பப் பரிசோதிப்பார்கள். பெரியம்மாவை அன்று ஜாலான் ரெசிடென்சியில் உள்ள பினாங்கு மருத்துவமனைக்கே நேராகக் கொண்டு போயிருக்கலாம் என்று இப்போது நினைக்கிறேன்.

அங்கே அவசரப் பிரிவில் பதிவுக் கட்டணம் மலேசியக் குடிமக்களுக்கு 1 ரிங்கிட். மூன்றாம் வகுப்பு வார்டில் சேர்த்தால் ஒரு நாளைக்கு 3 ரிங்கிட். 60 வயதைத் தாண்டிய குடிமக்களுக்கு வெளிநோயாளர் பதிவுக் கட்டணம் கிடையாது. மைகார்டு அடையாள அட்டை கையில் இருந்தால் வேலை சுலபம். கோலாலம்பூரில் ஒரு விஷயம் நினைவில் வையுங்கள்: லெம்பா பந்தாயில் உள்ள மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனை சுகாதார அமைச்சின் கீழ் இல்லை, அதன் கட்டணப் பட்டியல் வேறு. ஜாலான் பகாங்கில் உள்ள கோலாலம்பூர் மருத்துவமனைதான் அமைச்சின் கீழ் வருவது. ஆனால் நெஞ்சுவலி என்றால் இந்தக் கணக்கையெல்லாம் பார்க்காமல் அருகில் இருப்பதற்குப் போங்கள்.

ஸ்டென்ட், உள்வைக்கும் கருவி என்று பெரிய தொகை வந்து கட்ட முடியாமல் போனால், மருத்துவமனையிலேயே மருத்துவச் சமூகப் பணிப் பிரிவு இருக்கிறது. வார்டுத் தாதியிடம் கேட்டால் அனுப்பிவைப்பார். குடும்ப வருமானத்தைப் பார்த்துக் கட்டணத்தைக் குறைக்கவோ, உதவி நிதிக்கு விண்ணப்பிக்கவோ அவர்கள் வழி செய்வார்கள். வீட்டுக்கு வந்து பில்லைப் பார்த்து அழுவதைவிட வார்டில் இருக்கும்போதே கேட்பது நல்லது. கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, அந்தப் பிரிவை வைத்திருப்பதே அதற்குத்தான்.

காய்ச்சல், வயிற்றுப்போக்கு, தலைவலி மாதிரி திடீரென்று வருபவற்றுக்கு, குறைந்த வருமானக்காரர்களுக்கான எஸ்.டி.ஆர். உதவித்தொகை பெறுபவர்கள், அரசாங்கத்தின் மடானி மருத்துவத் திட்டத்தில் சேர்ந்த தனியார் கிளினிக்குகளில் இலவசமாகப் பார்த்துக்கொள்ளலாம். 2023 ஜூனில் 10 மாவட்டங்களில் தொடங்கியபோது வைத்த ஆண்டு வரம்பு: குடும்பத்துக்கு 250 ரிங்கிட், துணை இல்லாத முதியவருக்கு 125, தனி ஆளுக்கு 75. உங்கள் பேட்டையில் எந்தக் கிளினிக் அதில் இருக்கிறது என்பதை உடம்பு நன்றாக இருக்கும் நாளிலேயே கேட்டு வையுங்கள்.

தமிழ்நாட்டிலிருந்து வந்திருக்கும் அம்மா அப்பாவுக்கு இந்த 1 ரிங்கிட் கிடையாது. குடிமகன் அல்லாதவருக்கு அரசாங்க மருத்துவமனையில் முழுக் கட்டணம், வார்டில் சேர்க்க ஆயிரக்கணக்கில் டெபாசிட். பயணக் காப்புறுதி இல்லாமல் அவர்களை அழைக்காதீர்கள், மன்றாடிக் கேட்கிறேன். உணவகத்தில் வேலை செய்யும் அந்நியத் தொழிலாளர்களுக்கு ஸ்பிக்பா என்ற மருத்துவக் காப்புறுதி 2011 முதல் கட்டாயம். வருடத்துக்கு 20,000 ரிங்கிட் வரை அரசாங்க மருத்துவமனைச் செலவை அது ஏற்கும். தம்பி யாராவது கடையில் விழுந்துவிட்டால் முதலாளிக்குப் போன் செய்து அந்த அட்டை விவரத்தைக் கேளுங்கள்.

வேலைக்குப் போகும் வழியில் விழுந்தவர்கள், சொக்சோ என்ற தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் இரண்டு திட்டங்களைச் சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார்கள். வழியில் விபத்து என்றால் வேலையிட விபத்துத் திட்டத்தில் வரும். வழியில் மாரடைப்பு வந்தால் அது விபத்து ஆகாது. ஆனால் அதன் பிறகு வேலை செய்ய முடியாமல் போனால் இயலாமைத் திட்டத்தில் விண்ணப்பிக்கலாம், அதற்கு எங்கே எப்போது நோய் வந்தது என்ற கட்டுப்பாடு இல்லை.

எம்.சி., அதாவது டாக்டர் தரும் நோய் விடுப்புச் சான்றிதழ் விஷயத்தில் பலர் ஏமாறுகிறார்கள். "கம்பெனி பேனல் கிளினிக் எம்.சி.தான் ஏற்போம்" என்று மேற்பார்வையாளர் சொன்னால் அது முழு உண்மை இல்லை. 1955 வேலைச் சட்டத்தின் 60F பிரிவுப்படி, நோயின் தன்மையாலோ தூரத்தாலோ கம்பெனி நியமித்த பேனல் டாக்டரிடம் உரிய நேரத்தில் போக முடியாத நிலையில், பதிவு பெற்ற வேறு எந்த டாக்டரின் எம்.சி.யும், அரசாங்க மருத்துவ அதிகாரியின் எம்.சி.யும் செல்லும். வேலையில் சேர்ந்து 2 வருடம் ஆகாதவருக்கு வருடம் 14 நாள், 2 முதல் 5 வருடத்துக்குள் 18 நாள், அதற்கு மேல் 22 நாள். வார்டில் படுத்தால் 60 நாள், 2023 முதல் இது மேற்சொன்ன நாள்களோடு சேராமல் தனி. ஒரே ஒரு நிபந்தனை கறாரானது: விடுப்பு தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் முதலாளிக்குத் தெரிவிக்க வேண்டும், அல்லது தெரிவிக்க முயன்றிருக்க வேண்டும். இல்லையென்றால் அனுமதியில்லாமல் வராமல் போனதாகக் கணக்கு. நோயாளியால் முடியாவிட்டால் அவர் கைத்தொலைபேசியிலிருந்து மனைவியோ மகனோ ஒரு வாட்சாப் செய்தி அனுப்பலாம்: எந்த மருத்துவமனை, எந்த வார்டு, எப்போது சேர்த்தது. அனுப்பிய நேரம் தெரியும்படி திரையைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.