நட்சுமே மூடியில் இருக்கும் நிலவைத் துலக்காதீர்கள்

வெள்ளி கறுத்துவிட்டால் உடனே துலக்கிவிட வேண்டும் என்று கை பரபரப்பது நம் வீடுகளில் இயல்பு. வெள்ளிக் குங்குமச் சிமிழுக்கு அது சரி. ஜப்பானியத் தேநீர்ச் சிமிழின் மூடியில் வெள்ளித்தூள் தூவி வரையப்பட்ட நிலவை அப்படித் துலக்கினால், இரண்டு நிமிடத்தில் நிலவு போய் அதன் இடத்தில் ஒரு பழுப்புக் கறை மட்டுமே மிஞ்சும். அரும்பொருள் பாதுகாப்புப் பணியில் இருக்கும் எனக்கு, இத்தகைய சிமிழ்களுள் காலத்தால் பழுதுபட்டவற்றைக் காட்டிலும் அக்கறையோடு துடைக்கப்பட்டுப் பழுதுபட்டவையே அதிகம் கண்ணில் படுகின்றன. துடைத்தவர்கள் எவரும் அலட்சியக்காரர்கள் அல்லர். சிமிழில் என்ன வரையப்பட்டிருக்கிறது, எதைக்கொண்டு வரையப்பட்டிருக்கிறது என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

ஜப்பானியத் தேநீர்ச் சடங்கில் கெட்டித் தேநீர், இளந்தேநீர் என இரு வகை உண்டு. கெட்டித் தேநீருக்கான பொடி, பட்டுப் பையிட்ட சிறு பீங்கான் குடுவையில் இருக்கும். இளந்தேநீருக்கான மச்சாப் பொடியை வைக்கும் மரச்சிமிழ்களுள் பெரிதும் புழங்குவது நட்சுமே. இலந்தையின் நெருங்கிய உறவான ஒரு கனியின் வடிவத்தில், ஏறத்தாழ 7 செ.மீ. உயரத்தில், உள்ளங்கையில் அடங்குமாறு கடைசல் பிடிக்கப்பட்டது. இக்கடைசலுக்கு இஷிகாவா மாகாணத்தின் யமனாக்கா பேர்பெற்ற ஊர். நல்ல வேலைப்பாடுள்ள நட்சுமேயின் மூடியை வாயில் பொருத்திவிட்டுக் கையை எடுத்தால், உள்ளிருக்கும் காற்று மெல்ல வெளியேற, மூடி தானாகவே இறங்கி அமரும். பூச வேண்டிய அடுக்குகளின் பருமனையும் முன்கூட்டியே கணக்கில் கொண்டு மரத்தைக் கடைந்தால்தான் இது கைகூடும். தேநீர்க்கலையின் பேராசானாகிய சென் நோ ரிக்யூ (1522–1591) அலங்காரம் ஏதுமற்ற கருநிறச் சிமிழையே விரும்பினார் என்பதால், வெறுங்கறுப்பாக இருக்கும் நட்சுமேயை மலிவானது என்று ஒதுக்கிவிடவும் கூடாது.

அந்தக் கறுப்பைத் தருவது உருஷி என்னும் மரப்பால். 10 முதல் 15 ஆண்டுகள் வளர்ந்த மரத்தின் பட்டையில் கோடை முழுவதும் கீறல் இட்டு வடித்தாலும் ஒரு மரம் ஏறத்தாழ 200 மி.லி. மட்டுமே தரும், அதன்பின் மரத்தை வெட்டிவிடுகிறார்கள். இம்மரம் நம் மா, முந்திரி, சேராங்கொட்டை ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. மாம்பால் பட்டால் உதடு வெந்துபோவதையும், பண்ருட்டிப் பக்கத்தில் முந்திரிக்கொட்டை உடைப்பவர்களின் விரல்கள் புண்ணாவதையும் அறிந்தவர்களுக்கு, ஈர உருஷி ஏன் கைகளைக் கொப்புளிக்கச் செய்கிறது என்பதை விளக்க வேண்டியதில்லை. இதில் வியப்பானது அது இறுகும் முறை. வெயிலில் காய்வதற்குப் பதிலாக, 70 விழுக்காட்டுக்கும் மேலான ஈரப்பதம் உள்ள பெட்டிக்குள், தன்னிடமுள்ள நொதி ஒன்று காற்றின் ஆக்சிஜனோடு வினைபுரிவதால் அது இறுகுகிறது. முற்றிலும் இறுகிய பிறகு அமிலத்துக்கும் ஆல்கஹாலுக்கும் அசையாத பூச்சாகிவிடும். ஒளிக்கு மட்டும் அது எதிர்நிற்காது. இதை நினைவில் வையுங்கள். சேதங்களைப் பற்றிப் பேசும்போது இதுவே முதன்மையாக வரும்.

அலங்காரத்தின் பெயர் மாக்கி-எ. உருஷியாலேயே ஓவியத்தைத் தீட்டி, அது இறுகும் முன்பு, நுனியில் மெல்லிய பட்டுத்துணி கட்டிய சிறு குழாயை விரலால் தட்டித் தட்டிப் பொன்தூளையோ வெள்ளித்தூளையோ தூவுவார்கள். உருண்டை மணிகளாக அராவிய தூளைத் தூவி, மேலே மீண்டும் உருஷி ஏற்றி, கரியால் தேய்த்து மெருகேற்றிய ஓவியம் தலைமுறைகளைத் தாங்கும். பொன்தாளை அரைத்து எடுக்கும் மிக நுண்ணிய தூளால் ஆனதோ மங்கலான, மெருகற்ற பொன்னிறம் காட்டும். மெத்தென்ற துணியால் சில முறை அழுத்தித் துடைத்தாலே துணியில் பொன் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். இரண்டும் தொலைவிலிருந்து பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். துடைப்பவரால் பிரித்தறிய முடியாத இந்த வேறுபாட்டில்தான் ஓவியத்தின் ஆயுளே அடங்கியிருக்கிறது.

இனி ஓவியங்களுக்கு வருவோம். பைன், மூங்கில், பிளம் மூன்றும் சேர்ந்தால் மங்கலம். நாரைக்கு ஆயிரம் ஆண்டு, ஆமைக்குப் பதினாயிரம் ஆண்டு என்று நீண்ட ஆயுளின் வாழ்த்து. இவற்றை எந்த விற்பனைப் பட்டியலும் சொல்லிவிடும். எனக்கு முக்கியமாகப் படுபவை, பார்த்தவுடன் பிடிபடாத ஓவியங்கள். உயர்ந்த புல்லும் தாழ்ந்து தொங்கும் பெரிய நிலவும் மட்டுமே இருந்தால் அது முசாஷினோ சமவெளி. மலையே இல்லாத அந்நிலத்தில் நிலவு புல்லிலிருந்து எழுந்து புல்லிலேயே மறைகிறது என்பது பழங்கவிதை மரபு. அங்கே வெள்ளி கறுப்பது இயல்பாக நேர்வது; பழைய சிமிழ்களில் சாம்பல் படர்ந்த நிலவைத்தான் காண முடியும், தேநீர்க்காரர்கள் அந்த மங்கலையும் விரும்பியே பார்க்கிறார்கள். ஓடையில் பாதி மூழ்கிய வண்டிச் சக்கரங்களை விபத்தென்று எண்ணுபவர்கள் உண்டு. ஹெய்யான் காலத்து மாட்டுவண்டிகளின் மரச்சக்கரங்கள் வறண்டு வெடிக்காதிருக்க நீரில் ஊறப்போட்ட காட்சி அது. 12ஆம் நூற்றாண்டின் பெட்டி ஒன்றில் தீட்டப்பட்ட இதே காட்சி தோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் தேசியப் பொக்கிஷமாக இருக்கிறது. அலைகளின் மேல் முயல் ஓடினால், நீரில் விழுந்த நிலவொளியோடு நிலவின் முயலும் இறங்கி வந்துவிட்டது என்று கொள்ள வேண்டும். நிலவில் முயலைக் காணும் நமக்கு இது எளிதில் விளங்கும்.

கோணல்மாணலான பலகைப் பாலமும் நீல ஐரிஸ் பூக்களும் மட்டும் இருக்கும் சிமிழில் மனிதர் எவரும் இல்லாதிருப்பதே செய்தி. இசே மொனோகதாரி என்னும் பழைய நூலில், தலைநகரை விட்டு வந்த பயணி ஒருவன் யட்சுஹாஷி என்னும் இடத்தில் அந்தப் பூக்களைக் கண்டு, பூவின் ஜப்பானியப் பெயரான ககிட்சுபதாவிலுள்ள ஐந்து எழுத்துகளும் ஐந்தடிகளின் முதலெழுத்துகளாக அமையுமாறு, பிரிந்து வந்த மனைவியை நினைத்துக் கவி பாடுகிறான். பிற்கால ஓவியர் ஓகத்தா கோரின் தாம் செய்த எழுதுபெட்டியில் பயணியை விட்டுவிட்டுப் பாலத்தையும் பூவையும் மட்டுமே வைத்தார். கதை தெரிந்தவர் மனத்தில் ஆள் தானே வந்து நிற்பான். இதனால்தான் சடங்கில் இளந்தேநீர் முடிந்த பிறகு விருந்தினர்கள் சிமிழைக் கேட்டு வாங்கிப் பார்க்கிறார்கள். மோதிரத்தைக் கழற்றிவிட்டு, முழங்கையைத் தொடையில் ஊன்றி, பாயிலிருந்து சிமிழை அதிகம் உயர்த்தாமல் பார்ப்பது ஒழுக்கம். அருங்காட்சியகப் பணியாளருக்கு நான் கற்பிக்கும் கையாளும் முறையும் ஏறத்தாழ இதுவே.

எல்லாவற்றிலும் எளிதில் இழக்கப்படுவது கறுப்பின்மேல் கறுப்பாகத் தீட்டப்பட்ட செர்ரி மலர்கள். இரவுச் செர்ரி எனப்படும் இவ்வகையை நேர் வெளிச்சத்தில் பார்த்தால் வெறுங்கறுப்புச் சிமிழ்தான். ஒளியைப் பக்கவாட்டில், மிகத் தாழ்வான கோணத்தில் விழச் செய்து சிமிழை மெல்லத் திருப்பும்போது இதழ்களின் விளிம்பு ஒரு கணம் தெரிந்து மறையும். பழைய சேகரிப்பு ஒன்றின் இருப்புப் பதிவேட்டில் இத்தகைய சிமிழ் "கருநிறம், அலங்காரமற்றது" என்று எழுதப்பட்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன். அலங்காரமற்றது என்று எழுதியதால் அதைத் தாராளமாகத் துடைத்தும் இருக்கிறார்கள். ஒரு பக்கத்து மலர்கள் இப்போது எந்தக் கோணத்திலும் தெரிவதில்லை.

சேதத்துக்கு மூலகாரணம் பெரும்பாலும் கண்ணாடி அலமாரியின் விளக்கும் சன்னல் வெயிலும்தான். புற ஊதாக் கதிர் பட்ட உருஷி முதலில் பளபளப்பை இழக்கும், பின்பு பழுப்பேறும், நுண்விரிசல்கள் விடும். அந்த நிலையை அடைந்த மேற்பரப்பை நீரும் ஆல்கஹாலும் அரிக்கும். புதிய சிமிழில் ஒன்றும் செய்யாத கிருமிநாசினித் துணி, நூறாண்டுச் சிமிழில் வெண்படலத்தை உண்டாக்குவது இதனால்தான். விரல் வியர்வையும் அவ்வாறே ரேகையைப் பதித்துவிடும். அருங்காட்சியகங்களில் 50 லக்சுக்கு மேல் ஒளி விடாமலும், ஈரப்பதத்தை 50 முதல் 60 விழுக்காட்டுக்குள்ளும் வைத்திருக்க முயல்கிறோம். வீட்டில் அளவுகோல் வேண்டாம். சிமிழை அதனோடு வந்த பவுலோனியா மரப்பெட்டிக்குள் மெல்லிய துணி சுற்றி வைத்தாலே போதும். கேமரா பைக்குப் போடுவதுபோல் சிலிக்கா ஜெல் பொட்டலம் போடாதீர்கள். மரம் சுருங்கி, பூச்சு வெடிக்கும். ரப்பர் பேண்டில் உள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்கச் செய்யும், அந்துருண்டையின் வாசம் ஏறிய சிமிழில் பிறகு தேநீர்ப்பொடியை வைக்கவே முடியாது. தூசு படிந்தால் மென்மையான தூரிகையால் தட்டிவிடலாம். தேநீர் செய்தபின் உட்புறத்தை மெல்லிய தாளால் துடைத்தால் போதுமானது. தண்ணீரில் கழுவும் பேச்சே வேண்டாம்.

வாங்குபவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கடைகளில் கிடைக்கும் நட்சுமேக்களில் பல, பிசின் அச்சில் வார்த்து, முந்திரி ஓட்டு எண்ணெயிலிருந்து செய்யும் பூச்சு அடித்து, திரை அச்சில் பொன்னிறம் ஏற்றியவை. பயிற்சிக்கு அவை தாராளமாகப் போதும். பிழை அவற்றைப் பழம்பொருள் என்று விற்பதில்தான். பூதக்கண்ணாடியில் பார்த்தால், தூவிய தூள் கோட்டின் ஓரத்தில் ஒழுங்கற்று அடர்ந்தும் சிதறியும் இருக்கும். அச்சு ஒரே தடிப்பில் சமமாக ஓடும். பவுலோனியா இலையும் பூவும் கொண்ட முத்திரை இருப்பதாலேயே 16ஆம் நூற்றாண்டு ஆட்சியாளர் தொயோதொமி ஹிதெயோஷியின் காலத்தது என்று சொல்பவரை நம்ப வேண்டாம். அம்முத்திரையை இன்றைய ஜப்பானிய அரசும் பயன்படுத்துகிறது. கைவினைஞரின் ஒப்பமோ தேநீர் ஆசானின் கையெழுத்தோ உள்ள மரப்பெட்டியைக் குப்பையில் போட்டுவிட்டுச் சிமிழை மட்டும் கொண்டுவருபவர்கள், அதன் வரலாற்றில் பாதியைத் தாங்களே தொலைத்துவிட்டு வருகிறார்கள்.

பழுதுபார்ப்பில் இரு மரபுகள் உண்டு. ஜப்பானில் உருஷியைக் கொண்டே உருஷியை உறுதியாக்குவார்கள். பின்னாளில் அதை நீக்க இயலாது. மேற்கத்திய மரபில், வேண்டும்போது நீக்கக்கூடிய பொருளையே பயன்படுத்த விரும்புவார்கள். லண்டனின் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகம், ஏறத்தாழ 1640இல் செய்யப்பட்ட ஜப்பானிய உருஷிப் பேழையான மசாரின் பேழைக்காக இவ்விரண்டையும் இணைக்க முயன்றது. ஒளியால் நலிந்த அந்தப் பேழையில் பிற்காலத்தார் ஏற்றிய மேற்கத்திய வார்னிஷும் சேர்ந்து வேலையைக் கடினமாக்கியிருந்தது. எந்த மரபைத் தேர்ந்தாலும், பொன் பெயிண்ட்டால் இடைவெளியை நிரப்பித் தருகிறேன் என்பவரிடம் சிமிழைக் கொடுக்காதீர்கள். கொடுக்கும் முன்பு பக்கவாட்டு ஒளியில் எல்லாப் புறமும் படம் எடுத்துக்கொண்டு, எந்தப் பொருளைப் பூசப்போகிறார் என்பதை எழுத்தில் வாங்கிப் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். அடுத்து அதைத் தொடும் பாதுகாப்பாளர் முதலில் தேடுவது அந்தத் தாளைத்தான்.