சாளையில் நிற்கும் பழைய புல்லட்டும் வாங்க நினைக்கும் கரண்ட் காரும்: ஆர்.டி.ஓ. விதிகள் சொல்வது என்ன?

காங்கயம் பக்கம் தோட்டத்துச் சாளையில், அதாவது தோட்டத்து வீட்டில், எங்கள் பெரியப்பா 1978 மாடல் புல்லட் ஒன்றை வைத்திருக்கிறார். அப்பாரு, அதாவது எங்கள் தாத்தா, வாங்கிய வண்டி. போன மாதம் போன் போட்டார். "ஏஞ்சாமி, பதினஞ்சு வருசம் தாண்டின வண்டியெல்லாம் கவருமென்ட்டு புடிச்சு ஒடைக்கறாங்களாமா? இதத் தள்ளிவிட்டுட்டு ஒரு கரண்ட் காரு எடுத்துக்கலாமுங்கறான் பையன்."

யாரும் பிடித்து உடைக்கப் போவதில்லை. வயதை மட்டும் காரணம் காட்டித் தனியார் பைக்கையோ காரையோ ஓரங்கட்டும் சட்டம் தமிழ்நாட்டில் கிடையாது. டீசல் வண்டிக்கு 10 ஆண்டு, பெட்ரோல் வண்டிக்கு 15 ஆண்டு என்று கேட்டிருப்பீர்களே, அது டெல்லிக்கும் அதைச் சுற்றிய பகுதிக்கும் வந்த உத்தரவு. 2023 ஏப்ரல் 1 முதல் 15 ஆண்டு கடந்த அரசு வாகனங்களின் பதிவு ரத்தாகிறது. அது அரசுத் துறைகளின் வண்டிகளுக்கு. இரண்டு செய்தியும் வாட்ஸ்அப்பில் கலந்து, ஊர் ஊராகப் பயத்தைக் கிளப்பிவிட்டன. அந்தப் பயத்தில் நல்ல யெஸ்டியையும் ராஜ்தூத்தையும் இரும்பு விலைக்குப் போட்டவர்கள் இருக்கிறார்கள்.

ஆனால் ரினியூவல் கட்டாயம். சொந்த உபயோக வண்டிக்கு ஆர்.சி. (பதிவுச் சான்று) முதலில் 15 ஆண்டு செல்லும். அதன் பிறகு 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். படிவம் 25-ஐக் காலாவதிக்கு முந்தைய 60 நாளுக்குள் மத்திய அரசின் பரிவாகன் இணையதளம் வழியாகப் பதிந்து, வண்டியை ஆர்.டி.ஓ. ஆபீஸில் காட்ட வேண்டும். இன்சூரன்ஸும் புகைச் சான்றும் நடப்பில் இருக்க வேண்டும். 2022 ஏப்ரல் முதல் பைக் ரினியூவல் கட்டணம் 1,000 ரூபாய். 2025 ஆகஸ்ட் திருத்தத்தில் 20 ஆண்டைத் தாண்டிய பைக்குக்கு அது 2,000 ஆனது, காருக்கு 10,000. இறக்குமதி பைக் என்றால் 20,000. இதோடு தமிழ்நாட்டின் பசுமை வரி தனி. பைக்குக்கு அது சில நூறு ரூபாய்தான், 5 ஆண்டுக்கு ஒருமுறை.

கையைச் சுடுவது தாமதக் கட்டணம். பைக்குக்கு மாதம் 300. மூன்று வருடம் சாக்குப் போட்டு மூடி வைத்துவிட்டு எடுத்தால் 10,800 ரூபாய். வண்டி ஓடாமல் சும்மாதானே நின்றது என்று சொல்லிப் பயனில்லை. ரோட்டில் ஓட்டினீர்களா இல்லையா என்பது இந்தக் கணக்கில் வராது. எஞ்சினைப் பிரித்து லேத்தில் கிடந்தாலும் தேதி ஓடிக்கொண்டே இருக்கும். அதனால் பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் ஸ்டார்ட் ஆகிறதா என்று கிக்கரை மிதிப்பதற்கு முன் ஆர்.சி. முடிந்த தேதியைப் பாருங்கள். விலை பேச அது நல்ல பிடி.

பெரியப்பா வண்டியில் இன்னொரு முடிச்சும் உண்டு: ஆர்.சி. இன்னும் அப்பாரு பேரில். கொங்குச் சாளைகளில் பாதி வண்டியின் கதை இதுதான். பாகம் பிரிக்கும்போது காட்டுக்குப் பட்டா மாற்றுவார்கள், மாட்டுக்குக்கூடக் கணக்குப் பார்ப்பார்கள், வண்டியை 'யாரோ ஒருத்தர் ஓட்டிக்கட்டும்' என்று விட்டுவிடுவார்கள். விதிப்படி உரிமையாளர் இறந்த 30 நாளுக்குள் தகவல் தந்து, 3 மாதத்துக்குள் படிவம் 31 கொடுத்துப் பேர் மாற்ற வேண்டும். தாசில்தார் தரும் வாரிசுச் சான்று, இறப்புச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதம் இவை கையில் இருந்தால் வேலை நகரும். விற்கிற, வாங்குகிற வண்டிக்குப் படிவம் 29, 30.

பழைய புத்தக ஆர்.சி. ஆன்லைனில் தேடினால் வராது. பதறாதீர்கள். முதலில் பதிந்த ஆபீஸில் அசல் புத்தகத்தைக் காட்டி 'பேக்லாக் என்ட்ரி' போடச் சொல்ல வேண்டும், அதாவது பழைய பதிவைக் கம்ப்யூட்டரில் ஏற்றச் சொல்ல வேண்டும். அது ஏறின பிறகுதான் ரினியூவல், பேர் மாற்றம் எல்லாம். இதற்குத்தான் புரோக்கர்கள் பெரிய தொகை கேட்கிறார்கள். நேரில் போனால் அலைச்சல் உண்டு, ஆனால் செலவு கட்டணத்தோடு நிற்கும். அசல் புத்தகத்தை மட்டும் யார் கையிலும் விட்டுவிட்டு வராதீர்கள்.

பிரேக் இன்ஸ்பெக்டர் (மோட்டார் வாகன ஆய்வாளர்) முதலில் தேடுவது சேஸி நம்பரை, அதாவது வண்டி ஃபிரேமின் நம்பரை. பெயின்ட்டில் பளபளப்பு எவ்வளவு இருந்தாலும் அது அடுத்த பேச்சு. நம்பர் ஹேண்டில் பாருக்குக் கீழே கழுத்துப் பகுதியில் குத்தியிருக்கும். அதன்மேல் பேப்பர் வைத்துப் பென்சிலால் தேய்த்த 'பிரின்ட்'டைப் படிவத்தில் ஒட்ட வேண்டும். ஃபிரேமை மணல் அடித்துப் பவுடர் கோட்டிங் போடும் பட்டறையில் இதைச் சொல்லாமல் விட்டால், நம்பர் பூச்சுக்குள் மூழ்கிவிடும். எனக்கு நடந்தது. பூச்சு ஏறின கழுத்தைச் சுரண்டிச் சுரண்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது. அந்த இடத்தில் டேப் ஒட்டிவிட்டுக் கொடுப்பது ஒரு நிமிட வேலை.

எஞ்சின் நம்பரும் ஆர்.சி.யில் உள்ளபடி இருக்க வேண்டும். கிராங்க் கேஸ் (எஞ்சினின் வெளிக்கூடு) உடைந்து வேறு போட்டிருந்தால், வேறு எஞ்சினே ஏற்றியிருந்தால், அதற்கு ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கி ஆர்.சி.யில் ஏற்றியாக வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52 சொல்வது அது. பழைய இரும்புக் கடையில் பில் இல்லாமல் வாங்கிய எஞ்சின், யாருடைய திருட்டு வண்டியில் இருந்தது என்று உங்களுக்குத் தெரியாது, போலீஸுக்குத் தெரிந்திருக்கலாம். சிலிண்டரைப் போர் போடுவது, பிஸ்டன் மாற்றுவது, கார்புரேட்டர் ரிப்பேர் கிட் போடுவது எல்லாம் பராமரிப்பு, அனுமதி வேண்டாம். கலர் மாற்றினால் ஆர்.சி.யிலும் மாற்ற வேண்டும். பெட்ரோல் பைக்கை நீங்களே பேட்டரிக்கு மாற்றி ஓட்டுவது கூடவே கூடாது. அங்கீகாரம் பெற்ற கிட், ஆர்.சி.யில் பதிவு இரண்டும் வேண்டும்.

இப்போது பங்கில் வருவது 20% எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய வண்டியின் ரப்பர் குழாய், டயாப்ரம், வாஷர் இவற்றை அது மெல்லத் தின்னும். ஈரத்தை இழுப்பதால், மாதக்கணக்கில் நிற்கிற டேங்கில் துரு பிடிக்கும். ஓட்டாமல் வைக்கிற வண்டி என்றால் டேங்கையும் கார்புரேட்டரையும் வடித்துவிடுவதே நல்லது. அடைத்துக்கொண்ட கார்புரேட்டரோடு போனால் புகைச் சான்றில்தான் முதலில் மாட்டுவீர்கள்.

அடுத்து, எல்லோரும் கேட்கும் 'வின்டேஜ்' பதிவு. 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேர்த்தார்கள். முதல் பதிவில் இருந்து 50 ஆண்டு கடந்த, வணிகத்துக்கு ஓடாத இரு சக்கர, நான்கு சக்கர வண்டிகளுக்கு மட்டும். சேஸி, பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் எதுவும் இருக்கக் கூடாது. புதிதாகப் பதிய 20,000 ரூபாய், 10 ஆண்டு செல்லும். பிறகு மறுபதிவுக்கு 5,000. ஏற்கெனவே நம்பர் உள்ள வண்டி அதே நம்பரை வைத்துக்கொள்ளலாம். புதிதாகப் பதிந்தால் மாநில எழுத்துகளை அடுத்து 'வி.ஏ.' என்று வரும்.

கேட்க ஜம்மென்று இருக்கிறது அல்லவா? ஒரு வரியை விட்டுவிடுகிறார்கள். வின்டேஜ் பதிவு வண்டியை அன்றாடம் ரோட்டில் ஓட்டக் கூடாது. கண்காட்சி, வின்டேஜ் ராலி, தொழில்நுட்ப ஆராய்ச்சி, அப்புறம் பெட்ரோல் போடவும் ரிப்பேருக்கும் எடுத்துப் போகலாம், அவ்வளவே. சந்தைக்கும் சென்னிமலைக்கும் புல்லட்டில் போகிறவருக்கு அந்தப் பதிவு எதற்கு? சும்மா 2,000 கட்டிச் சாதாரண ரினியூவல் செய்வதுதான் அவருக்குச் சரி. பெரியப்பா வண்டிக்கு 2028-ல்தான் 50 ஆகும். 1985-ல் வந்த யமஹா ஆர்.எக்ஸ். 100-க்கு 2035 வரை இந்தப் பேச்சே இல்லை. கோவை அவிநாசி ரோட்டில் ஜிடி கார் மியூசியத்தில் நிற்கிற மாதிரியான வண்டிகளுக்கு ஏற்பட்ட விதி என்று வைத்துக்கொள்ளுங்கள். கலங்கல் கிராமத்து ஜி.டி. நாயுடு வெள்ளைக்கார அதிகாரியிடம் விலைக்கு வாங்கிய ரட்ஜ் பைக் போன்றவற்றுக்கு அது பொருந்தும்.

இனி கரண்ட் கார். ஷோரூமில் 'சப்சிடி சார்' என்பார்கள். சொந்த உபயோக எலெக்ட்ரிக் காருக்கு மத்திய அரசின் பி.எம். இ-டிரைவ் திட்டத்தில் மானியம் கிடையாது. கடன் வட்டிக்கு வருமான வரிக் கழிவு தந்த 80இஇபி சட்டப் பிரிவு, 2023 மார்ச் 31 வரை அனுமதியான கடனோடு நின்றுவிட்டது. புதிதாக வாங்குபவருக்கு அது இல்லை.

உண்மையான லாபம் வரியில். தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் உயர்ந்த ஆயுள் வரி, 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரை விலையுள்ள காருக்கு 18%. 14 லட்சம் ரூபாய் பெட்ரோல் காருக்கு 2,52,000 ரூபாய் வரி. மாநில அரசு பேட்டரி வாகனங்களுக்கு இந்த வரியில் முழு விலக்கு கொடுத்து வந்திருக்கிறது. 2023 மின்வாகனக் கொள்கை அதை 2025 டிசம்பர் 31 வரை என்று தேதி போட்டுச் சொன்னது. இப்படித் தேதி போட்டு வருவது என்பதால், புக் செய்யும் நாளில் நடப்பில் உள்ள அரசாணை எது என்று ஆர்.டி.ஓ. ஆபீஸில் கேட்டுவிட்டு முன்பணம் கொடுங்கள்; ஷோரூம்காரர் வாய்ச்சொல் போதாது. பதிவுக் கட்டணமும் ரினியூவல் கட்டணமும் பேட்டரி வண்டிக்கு இல்லை என்று மத்திய அரசு 2021 ஆகஸ்டில் அறிவித்தது. ஜி.எஸ்.டி. 5%. பெட்ரோல் சின்னக் கார்களுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 28-ல் இருந்து 18 ஆனதால், இந்த இடைவெளி முன்போல அகலம் இல்லை. மூன்றாம் நபர் இன்சூரன்ஸில் 15% குறைவு.

ஓட்டும் செலவைப் பெரியப்பாவுக்கு இப்படிச் சொன்னேன். யூனிட்டுக்கு 6, 7 கிலோமீட்டர். மாதம் 1,000 கி.மீ. ஓட்டினால் இரண்டு மாத பில்லில் சுமார் 300 யூனிட் கூடும். வீட்டுச் செலவோடு சேர்ந்து 500 யூனிட்டைத் தாண்டினால், 101 முதல் 200 யூனிட் வரையிலான சலுகை விலை போய்விடும். மேலே உள்ள யூனிட் 8 ரூபாயைத் தாண்டும். அப்படியிருந்தும் கி.மீ.க்கு ஒன்றே கால், ஒன்றரை ரூபாய்க்கு மேல் ஆகாது. லிட்டருக்கு 15 கி.மீ. தரும் பெட்ரோல் காரில் ஆறு ரூபாய்க்கு மேல். மாதம் 300 கி.மீ. கூட ஓட்டாதவர் இந்த மிச்சத்தை நம்பிக் கார் வாங்க வேண்டாம். தினமும் திருப்பூர் போய் வரும் பையனுக்குக் கணக்கு நேராக வரும்.

"சாளையிலயே ஃப்ரீ கரண்ட் இருக்குதே, அதுல சொருகிக்கிறேன்" என்றார் பெரியப்பா. அங்கேதான் நிறுத்தினேன். பம்ப்செட்டுக்குக் கொடுத்த இலவச இணைப்பில் கார் சார்ஜ் போட்டால், மின்சாரச் சட்டம் 2003, பிரிவு 126-படி அது அனுமதியில்லாத உபயோகம். பொருந்தும் கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு போடுவார்கள். எப்போதிருந்து என்று தெரியாவிட்டால் 12 மாதத்துக்குச் சேர்த்து. சோமனூர், பல்லடம் பக்கம் தறிக்கூடச் சலுகை இணைப்பில் சொருகுபவர்களுக்கும் இது பொருந்தும்.

சார்ஜ் போட வீட்டு இணைப்பு வேண்டும். 15 ஆம்பியர் பிளக்கில் இரவு முழுக்க மெதுவாக ஏறும். சுவரில் மாட்டும் 7 கிலோவாட் சார்ஜர் என்றால் அனுமதித்த லோடைக் கூட்டச் சொல்லி மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் மனுப் போட வேண்டும். கூரையில் சோலார் போட நினைப்பவருக்குப் பி.எம். சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. அதுவும் வீட்டு இணைப்புக்குத்தான். பெரியப்பா இப்போது சாளைக்குத் தனி வீட்டு சர்வீஸ் கேட்டு மனு எழுதிக்கொண்டிருக்கிறார். புல்லட்டின் வாரிசுச் சான்றுக்கும் அதே நாளில் தாலுகா ஆபீஸ் போவதாக ஏற்பாடு.