மாறுவேடமும் இல்ல, பேரணியும் இல்ல

அக்டோபர் 22 வந்தா போதும், "கியோட்டோவில் மாறுவேடப் பேரணி"ன்னு எங்கயாவது ஒரு செய்தி வந்துடுது. ஜப்பானோட கியோட்டோ நகரத்துல அன்னிக்கு நடக்குற ஜிதாய் மட்சுரியைத்தான் சொல்றாங்க. ஜிதாய்னா காலகட்டம். மட்சுரின்னா திருவிழா, தெய்வத்தை வழிபடுறதைக் குறிக்கிற மட்சுருங்கிற வினையில இருந்து வந்தது. அந்த ஊர்வலத்துக்குப் பேரு ஜிதாய் கியோரெட்சு. அவ்ளோதான், இதுல குழப்பமே இல்ல.

மாறுவேடம்னா என்னங்க? ஆளு யாருன்னு தெரியக்கூடாதுன்னு போடுறது, ராஜா ராத்திரி நகர்வலம் போனாரே அது. இங்க நிலைமையே தலைகீழ், இவங்கதான் அந்தக் காலத்து எழுத்தாளர் முராசாகி ஷிகிபு, குதிரையில வர்றது போர் வீராங்கனை தொமோயே கோசென்னு பாக்குறவன் அடையாளம் கண்டுக்கணும்னுதானே அந்தந்தக் காலத்துத் துணி, சாயம், தலையலங்காரம் வரைக்கும் ஆராய்ச்சி பண்ணி கியோட்டோ கைவினைஞர்கள் செஞ்சிருக்காங்க. சும்மா வேஷம் கட்டிட்டுப் போற ஊர்வலத்துக்கு ஜப்பான்காரனே காசோ கியோரெட்சுன்னு வேற பேரு வச்சிருக்கான், அதை வேணா மாறுவேடம்னு சொல்லிக்கோங்க. பேரணிங்கிறது அதுக்கு மேல, கோரிக்கை என்ன, கொடி யாரோடதுன்னு கேக்கத் தோணுது!

இன்னொரு கோஷ்டி "யுகத் திருவிழா"ங்குது. யுகம்னா நமக்கு லட்சக்கணக்கான வருஷக் கணக்கு, ஜப்பான் வரலாற்றுல 1603ல ஆரம்பிச்ச எடோ காலம் மொத்தமே 260 வருஷத்துச் சொச்சம்தான். காலம்னு ஒரு நல்ல சொல் சும்மா கிடக்கும்போது இது எதுக்கு?

என்னைக் கேட்டா "காலக்கோல உலா". கோலம்னா வாசல்ல போடுறதாச்சேன்னு ஒருத்தர் மடக்குனாரு, அப்ப மணக்கோலத்துக்கு என்ன பண்ணுவீங்கன்னு கேட்டேன், பதிலக் காணோம். உலாவும் சும்மா போட்டது இல்ல. 794ல கியோட்டோவைத் தலைநகராக்குன பேரரசர் கன்முவும், அங்கயே இருந்து ஆண்ட கடைசிப் பேரரசர் கோமேயும் ஹெயான் கோயில் தெய்வங்கள், ரெண்டு பேரும் பல்லக்குல ஊரைச் சுத்தி வர்றாங்க. சாமி வீதி வந்தா நம்ம ஊர்ல அது உலாதான்.

1869ல பேரரசர் டோக்கியோவுக்குப் போனதும் களையிழந்த ஊரு, 1895ல தலைநகரானதோட 1100-வது ஆண்டுன்னு இந்த விழாவை ஆரம்பிச்சுது. கிட்டத்தட்ட 2000 பேர் அரண்மனையில இருந்து கோயில் வரைக்கும் நடக்குறாங்க. இதுலயும் நம்ம மொழிபெயர்ப்பாளர்கள் "பண்டைக் காலம் முதல் நவீன காலம் வரை"ன்னு கண்ண மூடிட்டு எழுதிடுறாங்க. வரிசை அப்படியே தலைகீழ்: முன்னாடி புல்லாங்குழலும் மேளமுமா வர்றது 1868ல ஆரம்பிச்ச மெய்ஜி காலத்துப் படை, 794ல ஆரம்பிச்ச ஹெயான் காலத்து ஆளுங்க கடைசியிலதான் வருவாங்க. வீடியோவை ஒருதடவை ஓடவிட்டுப் பாத்துட்டு எழுதினா என்ன?